கவுன்சிலிங் ரூமுக்கு யார் போவார்கள்?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த எவரிடமும் 'கவுன்சிலிங்' என்று சொல்லிப் பாருங்கள். கட் ஆஃப் எவ்வளவு, எந்தக் காலேஜ், சிவிலா மெக்கானிக்கலா என்றுதான் பேச்சு போகும். இன்ஜினியரிங் சேர்க்கைக்கு ஒற்றைச் சாளர முறை 1997இல் வந்ததிலிருந்து இந்த வார்த்தைக்கு இங்கே அதுதான் அர்த்தம். அண்ணா பல்கலைக்கழகத்தில் அப்பாவும் பிள்ளையும் ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்த காலம் போய், 2018 முதல் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. அர்த்தம் மட்டும் மாறவில்லை. சீட் எடுப்பதற்குப் பெயர் கவுன்சிலிங்.

காலேஜில் சேர்ந்த பிறகு இரண்டாவது அர்த்தம் தெரியவரும். இன்டெர்னலில் மார்க் குறைந்தவனை, முதல் ஹவருக்கு லேட்டாக வந்தவனை, கேன்டீனில் ஒரு பெண்ணோடு பத்து நிமிஷம் பேசியவனை எச்.ஓ.டி ரூமுக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும் ஒரு நோட்டில் தேதி போட்டு 'மாணவருக்கு கவுன்சிலிங் வழங்கப்பட்டது' என்று எழுதி, கீழே அவனிடமே கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஆக, திட்டு வாங்குவதற்கும் பெயர் கவுன்சிலிங்.

மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராதவன், சோறு இறங்காதவன், உயிரோடு இருப்பதே பாரமாகிப் போனவன் ஒருவர் முன்னால் போய் உட்கார்ந்து, பேசியது அந்த அறையைத் தாண்டாது என்ற நம்பிக்கையில் மனசைத் திறப்பது. முதல் இரண்டு அர்த்தங்களையும் கரைத்துக் குடித்த பையனிடம் போய், "காலேஜ்ல கவுன்சிலிங் சென்டர் இருக்கேப்பா, போய் யூஸ் பண்ணிக்கோ" என்றால் அவன் எப்படிப் போவான்?

கருத்தரங்குகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். "மாணவர்களிடையே விழிப்புணர்வு இல்லை, உதவி கேட்க முன்வருவதில்லை." மைக் பிடிக்கிற எல்லோரும் சொல்வது. இது பாதிப் பொய். உதவி வேண்டாம் என்று யாரும் ஓடவில்லை. உதவி கேட்டால் அந்தச் செய்தி அட்டெண்டன்ஸ் போடுகிறவருக்கும், இன்டெர்னல் மார்க் போடுகிறவருக்கும், ஊரில் இருக்கிற அப்பாவுக்கும் போய்ச் சேரும் என்று தெரிந்து ஒதுங்குகிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல முடியாது. நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அறை இருக்கும் இடத்தைப் பார்த்தாலே போதும். பெரும்பாலான காலேஜ்களில் அது அட்மின் பிளாக்கில், பிரின்சிபால் ரூமுக்குப் பக்கத்திலோ டிசிப்ளின் கமிட்டி உட்காரும் அறைக்கு எதிரிலோ இருக்கும். கதவில் பெரிய எழுத்தில் போர்டு. வெளியே இரண்டு நாற்காலி. அந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால், ஃபீஸ் கட்ட வந்தவன், பஸ் பாஸ் வாங்க வந்தவன், சீனியர், ஜூனியர், லேப் அட்டெண்டர் என்று பாதிக் காலேஜ் பார்த்துவிட்டுப் போய்விடும். மதியத்துக்குள் கிளாஸ் வாட்ஸப் குரூப்பில் வந்துவிடும்.

உள்ளே இருப்பவர் யார்? சில இடங்களில் உண்மையாகவே படித்து, பயிற்சி பெற்ற உளவியலாளர் இருக்கிறார். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை; ஒற்றை ஆளாக ஆயிரக்கணக்கான பேரைப் பார்க்கிறார்கள், பாவம். ஆனால் பல இடங்களில் அந்த நாற்காலியில் இருப்பது கணக்குப் பாடமோ இங்கிலீஷோ எடுக்கிற ஒரு ஆசிரியர். 'கூடுதல் பொறுப்பு'. காலையில் அவரே கிளாஸில் கேள்வி கேட்பார், மதியம் அவரிடமே போய் மனசைக் கொட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை அவரே இன்டெர்னல் பேப்பர் திருத்துவார். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். நல்லவராக இருப்பது வேறு, ஒரு மாணவனின் மேல் எந்த அதிகாரமும் இல்லாதவராக இருப்பது வேறு. மனசு விட்டுப் பேச இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

சரி, ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்தப் பெயரை வைத்தாலும் பொருந்தும். தமிழ் மீடியத்தில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிறவன். மூன்றாவது செமஸ்டரில் நாலு அரியர். தூக்கம் போய்விட்டது. விடிய விடிய விழித்திருந்து காலை ஆறு மணிக்குக் கண் அசருவான். எழுந்தால் பத்து மணி. இரண்டு ஹவர் போச்சு. அட்டெண்டன்ஸ் குறைகிறது. அட்டெண்டன்ஸ் குறைகிறதே என்ற பயத்தில் மறுநாளும் தூக்கம் வருவதில்லை. வீட்டிலிருந்து அம்மா போன் செய்து, "சாப்டியா கண்ணு?" என்று கேட்டால், "சாப்ட்டேன்மா" என்று வைத்துவிடுவான். ரூம் மேட் கேட்டால், "ஒண்ணுமில்லடா மச்சான், தலவலி."

இவனைக் கண்டுபிடிப்பதற்கென்றே காலேஜில் ஒரு ஏற்பாடு உண்டு. இருபது பேருக்கு ஒரு ஆசிரியர் என்று மென்டார் போட்டிருப்பார்கள். நாக் கமிட்டி வரும்போது இந்த விகிதத்தைக் காட்ட வேண்டும். அதற்காக அச்சடித்த மென்டார் டைரியும் உண்டு. மாதாமாதம் சந்திப்பு நடந்ததாக அந்த டைரி சொல்லும். கமிட்டி வருவதற்கு முந்தின வாரம் ஒரே பேனாவில், ஒரே மையில், மூன்று வருஷத்துச் சந்திப்புகளும் நடந்து முடிந்துவிடும்! மாணவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். இது தெரியாத மாணவன் யாராவது இருந்தால் அவன் காலேஜுக்கே போகவில்லை என்று அர்த்தம்.

அப்படியும் ஒரு மென்டார் அக்கறையாகக் கேட்டுவிடுகிறார் என்று வையுங்கள். "என்னப்பா, ஒரு மாதிரி இருக்க?" பையன் தயங்கித் தயங்கி, "எதுலயும் பிடிப்பே இல்ல சார்" என்று ஆரம்பிக்கிறான். சாருக்கு உடனே வருகிற பதில் என்ன? "நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா." முடிந்தது. அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, எச்.ஓ.டி முன்னால் கைகட்டி நிற்பார். பையனின் நாலு அரியரும் அங்கேதான் அவருக்குத் தெரியவரும். மகன் எதை மறைக்க இத்தனை நாள் தூங்காமல் இருந்தானோ, அதை மேஜைமேல் எடுத்துப் போட்டுவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைப்பார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பத்தொன்பது பேரும் பாடம் கற்றுக்கொள்கிறார்கள். இனி யார் கேட்டாலும் "நல்லாருக்கேன் சார்."

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஹாஸ்டல் அவுட்பாஸ் வாங்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், பல இடங்களில் வீட்டுக்குப் போன் போகும். மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினால் வார்டன் ஒரு பார்வை பார்ப்பார். அம்மாவுக்குத் தெரிந்தால், "நாளைக்கு வரன் வரும்போது நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கடி" என்பார். அதனால் 'பல் வலி' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பல்லுக்கு மட்டும்தான் தமிழ்நாட்டில் மானம் மரியாதை பிரச்சனை இல்லை போலிருக்கிறது!

இந்தப் பயங்களின் விலை சின்னது இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்துத்தான் இந்த எண். நாளொன்றுக்கு 35 பேர். இதில் வராதவர்கள் இன்னும் எத்தனையோ பேர்: படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ஏழு வருஷம் அரியர் எழுதிக்கொண்டிருப்பவர்கள், எல்லாம் முடித்துவிட்டு உள்ளுக்குள் உடைந்தே போனவர்கள். அவர்களுக்கு எந்தக் காப்பகமும் கணக்கு வைப்பதில்லை.

மனநோய்களில் முக்கால்வாசி இருபதுகளின் நடுப்பகுதிக்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன என்பது உலக அளவில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். அதாவது ஒருவன் காலேஜில் இருக்கும் அதே வருஷங்கள். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்று தெரியவந்தது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு முழு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது, முக்கால் டாக்டர்தான். அப்படிப்பட்ட நாட்டில், நாலாயிரம் இளைஞர்களை ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வருஷம் வைத்திருக்கும் ஒரு காலேஜ் எவ்வளவு பெரிய வாய்ப்பு! ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க, ஆரம்பத்திலேயே சரிசெய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த வாய்ப்பைத்தான் "அப்பாவக் கூட்டிட்டு வா" என்ற ஒரு வாக்கியத்தில் வீணடிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது அவருடைய உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகளில்தான் அதை மீறலாம். 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டமே போய்விட்டது. 'முயன்றால் ஜெயில்' என்ற அந்த 309ஆம் பிரிவும் அதோடு போய்விட்டது. ஆனால் ஹாஸ்டல்களில் இன்றும், "போலீஸ் கேஸ் ஆயிடும்டா, வெளியே சொல்லாத" என்று ரூம் மேட்டை அமுக்குகிற பழக்கம் போகவில்லை. அந்த பயத்தில் வீணாகிற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு உயிரோடு விளையாடுவது.

பதினெட்டு வயதானவன் ஓட்டுப் போடலாம். வண்டி ஓட்டலாம். கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு லட்சக்கணக்கில் கடனாளியாகலாம். அவனுக்கு மனச்சோர்வு இருப்பதை யாரிடம் சொல்வது என்று மட்டும் அவன் முடிவு செய்யக் கூடாதாம். அதை காலேஜ் முடிவு செய்யுமாம்.

"பெற்றோருக்குச் சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் எங்களைத்தானே கேட்பார்கள்?" என்று காலேஜ் தரப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒரு பிள்ளை போய்விட்டால் அந்த அம்மாவும் அப்பாவும் வந்து, "முன்னாடியே தெரிஞ்சும் ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்பார்கள்தான். அதற்கு வழி இருக்கிறது. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்து மாணவர் மரணங்கள் நிகழ்ந்த பின்னணியில், 2018இல் ஒரு சின்ன வேலை செய்தார்கள். சேர்க்கையின்போதே ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டார்கள்: உங்கள் நலனில் கவலைப்படும்படி ஏதாவது நேர்ந்தால் நீங்கள் சொல்கிற ஒருவரைத் தொடர்புகொள்ளலாமா? அது அப்பாவாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம், நண்பனாகவும் இருக்கலாம். விருப்பம் இருந்தால் மட்டும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சம்மதித்தார்கள்!

கேட்டால் சொல்கிறார்கள். கேட்காமல் செய்தால்தான் மறைக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள பிரிட்டன்வரை போயிருக்கவே வேண்டியதில்லை, அது வேறு விஷயம். அட்மிஷன் ஃபாரத்தில் ரத்த வகையிலிருந்து மாமாவின் தொழில்வரை கேட்கிற இடத்தில், "கஷ்டம் என்றால் யாரைக் கூப்பிடட்டும்?" என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்?

இப்போது உச்ச நீதிமன்றம் தலையிட்டிருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி மாணவர்கள் இருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 மார்ச்சில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தார்கள். முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் அதற்குத் தலைவர். அதே ஆண்டு ஜூலையில் ஆந்திராவிலிருந்து வந்த வேறொரு வழக்கில், நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டுதல்கள் வந்தன. நூறு பேருக்கு மேல் படிக்கும் எந்த நிறுவனத்திலும் தகுதி பெற்ற கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும். ஊழியர்கள் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சி வேண்டும். உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் 'குறைந்தது ஒருவர்' என்ற வார்த்தையை எப்படிப் படிப்பார்கள் என்று யூகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. நாலாயிரம் பேர் இருக்கிற காலேஜும் ஒருவரை நியமித்துவிட்டு, 'உத்தரவு நிறைவேற்றப்பட்டது' என்று ஃபைலை மூடும். அந்த ஒருவரும் யாருக்குக் கீழே வேலை செய்வார், அவர் எழுதும் குறிப்பை யார் படிக்கலாம் என்பதுதான் உயிர் நாடியான கேள்வி. அதைப் பற்றிக் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒரு வரி வந்தால் அது ஆச்சரியம்.

காகிதத்தில் செய்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. அக்டோபர் 10 உலக மனநல தினம் வந்தால் பாருங்கள். காலையில் ரங்கோலி. பதினோரு மணிக்கு போஸ்டர் போட்டி. மதியம் ஆடிட்டோரியத்தில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். அட்டெண்டன்ஸ் உண்டு என்பதால் அரங்கு நிறையும். அவர் விழுந்தாலும் எழ வேண்டும் என்பார், கழுகு என்பார், கருடன் என்பார். கைதட்டல். சால்வை. பேனர் முன்னால் குரூப் போட்டோ. பேனரில் சிறப்பு விருந்தினர் படம், தாளாளர் படம், பிரின்சிபால் படம் எல்லாம் இருக்கும். எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

அடுத்து, டீக்கடையிலிருந்து ஸ்டாஃப் ரூம்வரை எல்லா இடத்திலும் கேட்கிற ஒரு வசனம். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்குற சக்தி இல்ல." அந்தக் காலத்திலும் இருந்தது. பெயர்தான் வேறு. 'பேய் பிடிச்சிருக்கு' என்றார்கள், 'படிச்சுப் படிச்சு மறை கழண்டுபோச்சு' என்றார்கள், ஊரைவிட்டு ஓடிப்போனவன் என்றார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்களைக் கொண்டுபோய் விட்ட இடங்களில் ஒன்றுதான் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். 'எங்க காலத்து' வைத்தியம் அதுதான் என்றால், அந்தக் காலம் திரும்பி வராமல் இருப்பதே நல்லது.

தாங்கும் சக்தி என்று பேசுகிறவர்கள் சுமையின் எடையைப் பேசுவதே இல்லை. பிளஸ் டூவரை தமிழில் படித்தவன் ஒரே நாளில் ஐந்து பாடத்தையும் இங்கிலீஷில் கேட்க வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ். பிளேஸ்மென்ட் கம்பெனிகள், அரியர் வைத்திருப்பவனை உள்ளேயே விடுவதில்லை. முதல் பட்டதாரி என்பதற்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அரியர் என்றால் என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத தனிமைக்குச் சலுகை எதுவும் கிடையாது.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எல்லாவற்றையும் மனசுக்குள் தள்ளிவிட்டுத் தப்பிக்கிற வேலையும் நடக்கிறது. சாதியைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது வைத்தியம் ஆகாது. ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் இறந்த ரோஹித் வெமுலா, உதவித்தொகை நின்றுபோய், ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றப்பட்டு, வெட்டவெளியில் தங்கிப் போராடிய மாணவர். அவருக்குத் தேவைப்பட்டது ஹாஸ்டல் அறையும் நியாயமும். நல்ல கவுன்சிலர் என்பவர், "இது உன் மனசுல இல்லப்பா, இது அந்த ஆள் பண்ற தப்பு" என்று சொல்லி, புகார் கொடுக்கத் துணை நிற்கக் கூடியவராக இருக்க வேண்டும். நிர்வாகத்தின் சம்பளத்தில், நிர்வாகத்துக்கு மட்டும் பதில் சொல்பவராக இருந்தால் அது நடக்குமா? மறுபடியும் அதே கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

காலேஜ் திருந்துகிறவரை காத்திருக்க முடியாதவர்களுக்காக, வெளியே இருக்கிற கதவுகளைப் பற்றி. இவை எல்லாம் இருக்கின்றன, சொல்லத்தான் ஆளில்லை.

14416. டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். எடுத்தவுடன் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்வார்கள். ரோல் நம்பர் கேட்க மாட்டார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. நடுராத்திரி இரண்டு மணிக்கு மனசு கண்டபடி போகும்போது, விடியட்டும் என்று காத்திருக்காமல் 14416ஐ அழுத்தலாம்.

அடுத்தது, யாரும் நினைத்துப் பார்க்காத இடம். அரசு ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி சீட்டு போட்டுக்கொண்டு போய் டாக்டரைப் பார்க்கலாம், மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத்துக்குள் மற்ற அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. சினிமாக்காரர்கள் அந்தப் பெயரைக் கேலிக்கென்றே நேர்ந்துவிட்டதால், 1794இல் தொடங்கிய ஒரு பழமையான ஆஸ்பத்திரிக்குள் நுழையவே ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள். அங்கேயும் ஓ.பி என்பது மற்ற ஓ.பி மாதிரிதான். வரிசை, பெஞ்சு, சீட்டு, டாக்டர். மருந்து எழுதினால் அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது, சரியாகிவிட்டது என்று தானாகவும் நிறுத்தக் கூடாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பாதியில் விட்டவர்கள் ஏராளம்.

ஒரு சிக்கல் உண்டு. ஓ.பி காலையில்தான். அதாவது கிளாஸ் நேரம். லீவு எடுத்தால் அட்டெண்டன்ஸ் அடிபடும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை விலக்கு கிடைக்கும். காட்டுவது யாரிடம்? எச்.ஓ.டியிடம். சர்டிபிகேட்டில் 'மனநலப் பிரிவு' என்று சீல் இருக்கும். ஆக, சிகிச்சைக்குப் போனதற்கான சான்றைக் கொடுத்தால்தான் பரீட்சை எழுத முடியும், கொடுத்தால் டிபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்துவிடும். எத்தனையோ பேர் சர்டிபிகேட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, செமஸ்டரை இழந்து, ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்கிறார்கள். இதைத் தீர்க்கப் பெரிய மூளை தேவையில்லை. டிபார்ட்மென்டுக்குப் போகாமல், காலேஜ் ஹெல்த் சென்டர் டாக்டர் ஒருவர் மட்டும் பார்த்து, 'மருத்துவ விடுப்பு சரி' என்று மட்டும் எழுதி அனுப்பினால் போதும். காய்ச்சலா கவலையா என்பது எச்.ஓ.டிக்கு எதற்கு?

கூட இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பது ரூம் மேட்தான். மென்டாருக்கு மூன்று வருஷத்தில் தெரியாதது அவனுக்கு மூன்று நாளில் தெரியும். "சாகணும்னு தோணுதாடா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'ஒருத்தனாவது கேட்டானே' என்று அழுதுவிடுபவர்களே அதிகம். கேட்டு, அவன் ஆமாம் என்று சொன்னால், தனியாக விடாமல் கூடவே இருந்து 14416க்குப் பேசவைப்பதும், மறுநாள் ஓ.பி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் நண்பனால் முடிகிற காரியம். வைத்தியம் பார்ப்பது அவன் வேலை இல்லை. 'யார்கிட்டயும் சொல்லாத' என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அந்தச் சத்தியத்தை உடைக்கலாம். 2017 சட்டமே ரகசியத்துக்கு அந்த ஒரு விலக்கைக் கொடுத்திருக்கிறது.

நல்ல முயற்சிகளே இல்லை என்று சொன்னால் அநியாயம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களை அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. மாணவர்களே மாணவர்களுக்குக் காது கொடுக்கிற ஏற்பாடு. இது மற்ற காலேஜ்களுக்கும் வரும்போது, அதுவும் இன்னொரு 'கிளப்' ஆகி, இன்னொரு ரங்கோலி ஆகி, இன்னொரு போட்டோ ஆகிவிடுமா என்பது நிர்வாகங்களின் கையில் இருக்கிறது.

செலவு பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த அறையை அட்மின் பிளாக்கிலிருந்து எடுத்து லைப்ரரி மாடிக்கோ ஹெல்த் சென்டருக்கோ மாற்ற ஒரு மேஜையையும் மூன்று நாற்காலியையும் தூக்க வேண்டும். கவுன்சிலர் யாருடைய பெயரையும் நிர்வாகத்துக்குச் சொல்ல மாட்டார் என்று பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட ஒரு சர்க்குலருக்கு ஒரு தாள். ஐடி கார்டின் பின்பக்கத்தில் காலேஜ் முகவரி, ஆபீஸ் போன், தொலைந்தால் எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் ஏற்கனவே அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே 14416 என்று ஐந்து இலக்கம் சேர்க்க பிரஸ்காரர் தனியாகக் காசு கேட்க மாட்டார். அடுத்த ஜூனில் புது பேட்ச் வரும்போது எப்படியும் கார்டு அடிக்கத்தானே போகிறார்கள்.